ஹட்டன்: எத்தனை பேர், எந்தச் சபை, எந்த அலுவலகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவியியல் ஒப்படை எழுதும் பாடசாலைப் பிள்ளைகளும், ஒரு கையெழுத்துக்காக மூன்று அலுவலகம் ஏறி இறங்கிய தோட்டத்து ஆட்களும், புதிதாக இடமாற்றம் பெற்று வரும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இலங்கையின் மலையகத்தில், நுவரெலியா மாவட்டத்தில் உள்ள ஹட்டனை மையமாக வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை என்று எந்த ஊர்க்காரருக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஹட்டன் நகரத்தின் சனத்தொகை எவ்வளவு?

ஹட்டன்–டிக்கோயா நகர சபை எல்லைக்குள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை மட்டும் எடுத்தால் 15 ஆயிரம் அளவில்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஆனாலும் கணக்கு அதுதான்.

ஹட்டன் அடங்கியிருந்த பழைய அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவை எடுத்தால் 2012 தொகைமதிப்பில் 205,723 பேர். நுவரெலியா மாவட்டம் முழுவதற்கும் 711,644 பேர். ஆகவே "ஹட்டனில் எத்தனை பேர்" என்று ஒருவர் கேட்டால், எந்த எல்லையை மனதில் வைத்துக் கேட்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நகர சபை எல்லையா, பிரதேச செயலகப் பிரிவா, அல்லது சாமான் வாங்கவும் வைத்தியம் பார்க்கவும் இந்த ஊரை நம்பியிருக்கும் தோட்டங்கள் எல்லாமா என்பதைப் பொறுத்து விடை பல மடங்கு மாறும்.

இவ்வளவு சனம் புழங்கும் ஊருக்கு 15 ஆயிரம்தானா? ஏன் இவ்வளவு குறைவு?

நகரத்தின் எல்லை சிறியது, அதனால்தான். கொழும்பிலிருந்து வந்த மலையக ரயில் பாதை 1874 இல் நாவலப்பிட்டியை எட்டியது. அங்கிருந்து மலை ஏறி 1884 இல் ஹட்டனுக்கு வந்தது. மறு ஆண்டு நானுஓயாவுக்குப் போய்விட்டது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றவும் அரிசியையும் உரத்தையும் இறக்கவும் தோன்றிய புகையிரத நிலையம், அதைச் சுற்றி ஒரு கடை வீதி, கோயில்கள், பள்ளிவாசல், பாடசாலை, பொலிஸ், தபால் கந்தோர். அவ்வளவுதான் டவுன். கடைவீதி முடிந்த இடத்தில் தேயிலை மலை தொடங்கிவிடுகிறது. அந்த மலை தோட்டக் கம்பனிக்கு உரியது. நகரம் வளர்வதற்கு நிலமே இருக்கவில்லை.

அந்த மலைகளில் இருக்கும் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்தான் இந்த ஊரை வாழவைக்கும் சனம் இருக்கிறது. சம்பளம் போட்ட வாரத்தில் நோர்வூட், டிக்கோயா, கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து கடைகளை நிரப்புகிறவர்கள் அவர்கள். டியூசனுக்கு வரும் பிள்ளைகளும் அங்கிருந்துதான் வருகிறார்கள். மாலையானதும் எல்லோரும் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் திரும்பிப் போய்விடுவார்கள். தொகைமதிப்பு உத்தியோகத்தரின் பதிவில் அவர்கள் ஹட்டன் நகரவாசிகள் அல்லர்.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். அப்போது நாடு முழுவதிலுமிருந்து வரும் யாத்திரிகர்கள் ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிறார்கள். அவர்கள் விட்டுச்செல்லும் குப்பையை அள்ளுவதும் கழிப்பறைகளைப் பராமரிப்பதும் வழியிலுள்ள சபைகளின் தலையில்தான் விழுகிறது. சபையின் நிரந்தர வரி வருமானமோ அதன் எல்லைக்குள் இருக்கும் கட்டடங்களிலிருந்துதான் வருகிறது.

அப்படியானால் தோட்டத்தில் இருப்பவர்கள் எதற்குள் கணக்கிடப்படுகிறார்கள்?

இலங்கையின் தொகைமதிப்பில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகள் உண்டு. மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் இருப்பது மட்டுமே நகரத் துறை. 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புள்ள, குறைந்தது 10 தொழிலாளர் குடியிருக்கும் பெருந்தோட்டம் தோட்டத் துறை. மிச்சம் எல்லாம் கிராமத் துறை.

2012 இல் நாட்டின் சனத்தொகையில் 18.2 சதவீதம் நகரம், 77.4 சதவீதம் கிராமம், 4.4 சதவீதம் தோட்டம். நுவரெலியா மாவட்டத்தில் நிலைமை தலைகீழ். இங்கே பாதிக்கு மேற்பட்டோர் தோட்டத் துறையில் இருக்கிறார்கள்.

இந்த வரைவிலக்கணத்தால் ஒரு விசித்திரம் நடக்கிறது. வங்கிகளும் நகைக் கடைகளும் வரிசையாக நிற்கும் மஸ்கெலியாவும் பொகவந்தலாவையும் பிரதேச சபைகளின் கீழ் இருப்பதால் புள்ளிவிபரத்தில் நகரமே அல்ல. கினிகத்தேனையும் அப்படித்தான். முன்பு பட்டின சபை என்று ஒரு வகை இருந்தது. அதன் கீழிருந்த சிறு ஊர்களும் நகரமாகவே எண்ணப்பட்டன. அந்த வகை ஒழிக்கப்பட்டு, 1987 இன் பிரதேச சபைச் சட்டம் வந்த பிறகு அவை கிராமத்துக்குள் சேர்ந்துவிட்டன. 1981 இல் 21.5 சதவீதமாக இருந்த நகர மக்கள் 2012 இல் 18.2 ஆகத் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். அந்த ஊர்களை விட்டுச் சனம் போய்விடவில்லை, அவற்றின் வகைதான் மாறியது.

ஹட்டனுக்கு நிர்வாகத்தில் என்ன தகுதி?

நகர சபை. முழுப்பெயர் ஹட்டன்–டிக்கோயா நகர சபை. 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. தலைவரை ஊரார் நகர பிதா என்பார்கள்.

நுவரெலியா மாவட்டத்தில் மொத்தம் 12 உள்ளூராட்சி சபைகள். நுவரெலியா ஒரு மாநகர சபை. ஹட்டன்–டிக்கோயாவும் தலவாக்கலை–லிந்துலையும் நகர சபைகள். இரண்டில் தலவாக்கலை–லிந்துலை இன்னும் சிறியது. அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா, நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை ஆகிய ஒன்பதும் பிரதேச சபைகள்.

நுவரெலியா மாநகர சபையாக இருக்கும்போது ஹட்டன் ஏன் இல்லை? இத்தனை ஆயிரம் பேர் இருந்தால் மாநகரம் என்று விதி உண்டா?

தலைக்கணக்கு விதி எதுவும் சட்டத்தில் இல்லை. ஓர் இடத்தின் அபிவிருத்தி, வசதிகள், நகரத் தன்மை ஆகியவற்றைப் பார்த்து, பொறுப்பான அமைச்சர் வர்த்தமானி மூலம் அறிவிப்பதுதான் நடைமுறை. அதனால்தான் 30 ஆயிரத்துக்கும் குறைவானோர் வாழும் நுவரெலியாவும் மாநகரம், இரண்டு இலட்சத்தைத் தாண்டிய கடுவலையும் மாநகரம். பதுளை மாவட்டத்தில் பதுளையோடு பண்டாரவளையும் மாநகர சபை. அப்புத்தளை நகர சபை. வெலிமடை எவ்வளவு பரபரப்பான ஊராக இருந்தாலும் பிரதேச சபைக்குள்தான்.

ஹட்டனை மாநகரமாக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நகர பிதாவுக்குப் பதில் முதல்வர் (மேயர்), செயலாளருக்குப் பதில் ஆணையாளர் வருவார். எல்லை அப்படியே இருந்தால், மலை மேல் இருக்கும் குடும்பத்துக்கு அதனால் ஒரு குழாய்த் தண்ணீர்கூடக் கூடுதலாக வராது. பலகையில் எழுதும் பெயரை விட எல்லையைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஹட்டன் மாவட்டத் தலைநகரமா?

இல்லை. மாவட்டத் தலைநகரம் நுவரெலியா. மாகாணம் மத்திய மாகாணம், அதன் தலைநகரம் கண்டி. அம்பகமுவ பிரதேச செயலகம்கூட ஹட்டனில் இல்லை, கினிகத்தேனையில் இருக்கிறது. வலயக் கல்வி அலுவலகமும் நீதிமன்றமும் ஹட்டனில் இருக்கின்றன. ஆதார வைத்தியசாலை டிக்கோயாவில். அதன் புதிய கட்டடத்தை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார்.

நகர சபை, பிரதேச சபை, பிரதேச செயலகம். எல்லாம் ஒன்றுபோலக் கேட்கிறதே, எதற்கு எங்கே போவது?

இந்தக் குழப்பத்தால் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழந்தவர்கள் ஏராளம். வயதானவர்கள் மழையில் இறங்கி வந்து, "இது இங்கே இல்லை" என்று கேட்டுத் திரும்பிப் போவதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சபை என்பது நீங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உறுப்பினர்கள் இருக்கும் இடம். குப்பை அகற்றல், தெரு விளக்கு, சந்தை, பொது மலசலகூடம், மயானம், நூலகம், சபைக்குரிய சிறு வீதிகள், கட்டட அனுமதி, வியாபார அனுமதிப்பத்திரம், ஆதன வரி எல்லாம் சபையின் வேலை. டவுனுக்குள் இருந்தால் நகர சபை. வெளியே இருந்தால் உங்கள் பகுதிப் பிரதேச சபை.

பிரதேச செயலகம் மத்திய அரசின் அலுவலகம். அங்கே இருப்பவர்கள் அரச உத்தியோகத்தர்கள், வாக்குக்கு நிற்பவர்கள் அல்ல. பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்ப் பிரதிகள், அஸ்வெசும, சமுர்த்தி போன்ற அரச நிவாரணங்கள், முதியோர் கொடுப்பனவு, அரச காணி விடயங்கள், வாகன வருமான அனுமதிப்பத்திரம் போன்றவற்றுக்கு அங்கே போக வேண்டும். அதன் கிளைபோல ஊருக்குள் இருப்பவர் கிராம உத்தியோகத்தர், அதாவது நாம் ஜீ.எஸ். என்று சொல்பவர். வதிவிடச் சான்றிதழும் வாக்காளர் பதிவுப் படிவமும் அவர் வழியாகத்தான்.

தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதில் விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பிள்ளையென்றால் அதிபரும், மற்றவர்களுக்குக் கிராம உத்தியோகத்தரும் அத்தாட்சிப்படுத்துவார்கள். தோட்டத்தில் குடியிருப்பவருக்குத் தோட்ட அதிகாரியும் செய்யலாம். துரை (தோட்ட அதிகாரி) ஊரில் இல்லை என்று ஆபிஸில் சொன்னால், அதோடு காரியம் நின்றுவிட்டது என்று நினைத்துத் திரும்ப வேண்டாம்.

வீதிகள் தனிக் கதை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் போகும் ஏ 7 வீதியும் அதைப் போன்ற பெரிய வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கின்றன. அடுத்த தரத்து வீதிகள் மாகாணத்திடம். சிறிய வீதிகள் சபையிடம். தோட்டத்துக்குள் இருக்கும் வீதி தோட்ட நிர்வாகத்தின் கையில். ஒரே பஸ் பயணத்தில் நான்கு சொந்தக்காரரின் வீதியில் போகிறோம். குழி விழுந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் போவது இதனால்தான்.

தோட்ட வீதிக்கும் லயத்துத் தண்ணீருக்கும் பிரதேச சபை பணம் செலவழிக்க முடியாது என்கிறார்களே, உண்மையா?

2018 வரை பெருமளவுக்கு உண்மை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டம் அதன் நிர்வாகத்தின் பொறுப்பு, ஆகவே வீதி, விளக்கு, வடிகான் எல்லாம் நிர்வாகமே பார்க்கட்டும் என்பது அதன் தர்க்கம். 1970களில் அரசுடைமையாகியிருந்த தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குப் போனது. சட்டப் பிரிவு மட்டும் அசையவில்லை.

அதன் விளைவைச் சொல்கிறேன். தோட்டத்தில் இருப்பவர் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவுசெய்வார். அந்த உறுப்பினர் சபைக்குப் போய், தன்னைத் தெரிவுசெய்த லயத்துக்கு ஒரு மின்விளக்குப் போடுவதற்குச் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். வாக்கு சபைக்கு, வீடு கம்பனிக்கு என்ற நிலையில் முப்பது ஆண்டுகள் ஓடின. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை சேவை செய்ய வழி திறந்தது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையை அமைக்கும் சட்டமும் நிறைவேறியது.

ஆகவே இப்போது உங்கள் பிரதேச சபையில் "தோட்டத்துக்குச் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால், 2018 திருத்தத்தைச் சொல்லி, கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். பணம் இல்லை என்று சொல்லலாம். சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது.

நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை பிரதேச சபைகள் எப்போது வந்தன?

2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் அறிவிக்கப்பட்டு, அந்தத் தேர்தலோடு நடைமுறைக்கு வந்தன. அதுவரை அம்பகமுவ பிரதேச சபையும் நுவரெலியா பிரதேச சபையும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேருள்ள பிரதேசத்தைச் சுமந்துகொண்டிருந்தன. நாட்டின் வேறு பகுதிகளில் 20, 30 ஆயிரம் பேருக்கே ஒரு பிரதேச சபை இருந்த காலம் அது. அம்பகமுவ மூன்றாகவும் நுவரெலியா மூன்றாகவும் பிரிக்கப்பட்டன. நீண்ட போராட்டத்தின் பின் கிடைத்த உருப்படியான மாற்றம் இது.

பிரதேச செயலகப் பிரிவுகளும் அதேபோல் கூடினவா?

நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலம் ஐந்து பிரிவுகள்தான் இருந்தன. 2012 இன் கணக்கில் அவற்றின் நிலை இது: நுவரெலியா 212,094 பேர், 72 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். அம்பகமுவ 205,723 பேர், 67 பிரிவுகள். வலப்பனை 104,119 பேர், 125 பிரிவுகள். கொத்மலை 101,180 பேர், 96 பிரிவுகள். ஹங்குராங்கெத்த 88,528 பேர், 131 பிரிவுகள்.

இந்த எண்களைத் தயவுசெய்து இன்னொரு முறை வாசியுங்கள். ஹங்குராங்கெத்தவில் சராசரியாக 676 பேருக்கு ஒரு கிராம உத்தியோகத்தர். அம்பகமுவவில் 3,070 பேருக்கு ஒருவர். நான்கரை மடங்கு வித்தியாசம். தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா, அம்பகமுவ இரண்டிலும் மாவட்ட மக்களில் நூற்றுக்கு 59 பேர் வாழ்கிறார்கள். மாவட்டத்தின் 491 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் அவர்களுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 28.

ஹங்குராங்கெத்த மக்களுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் குறை சொல்லவில்லை. 676 பேருக்கு ஒருவர் என்பதுதான் மனிதரை மனிதராகத் தெரிந்து வேலை செய்யக்கூடிய அளவு. அந்த அளவு நமக்கும் வேண்டும். ஒரே உத்தியோகத்தர் நான்கைந்து மலைகளில் சிதறிக் கிடக்கும் மூவாயிரம் பேருக்குக் கையெழுத்து வைக்கும்போது வரிசை நீளத்தான் செய்யும். அதற்கு அவரைத் திட்டிப் பயனில்லை.

2019 இல் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளைப் பத்தாக்கத் தீர்மானிக்கப்பட்டது. புதியவை நோர்வூட், தலவாக்கலை, கொத்மலை மேற்கு, மத்துரட்ட, நில்தண்டாஹின்ன. பழைய பிரிவு ஒவ்வொன்றும் இரண்டாகிறது. பார்க்கச் சமமாகத் தெரியும். ஆனால் 88 ஆயிரம் பேருள்ள பிரிவும் இரண்டாகிறது, 2 இலட்சம் பேருள்ள பிரிவும் இரண்டாகிறது. பிரித்த பிறகும் அம்பகமுவவின் ஒரு பாதிக்குச் சராசரியாக ஒரு இலட்சம் பேர், ஹங்குராங்கெத்தவின் ஒரு பாதிக்கு 44 ஆயிரம் பேர். பழைய இடைவெளி அப்படியே தொடர்கிறது.

புதிய பிரிவுகள் தொடக்கத்தில் உப அலுவலகங்களாகவே இயங்கின. எல்லாச் சேவையும் அங்கேயே முடியும் என்று எண்ணிப் போகாமல், உங்கள் வேலை எந்த அலுவலகத்தில் நடக்கும் என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

எல்லைகள் ஏன் மலையகத் தமிழராகிய நமக்கு இவ்வளவு பாதகமாக அமைந்தன?

அவை வரையப்பட்ட காலத்தில் நமக்குக் குரல் இல்லை. 1930களின் இறுதியில் கிராம சபைத் தேர்தல் சட்டத்தை மாற்றியபோதே தோட்டங்களில் குடியிருந்த தொழிலாளர்கள் விலக்கப்பட்டார்கள். 1947 பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேர் வென்றார்கள். மறு ஆண்டே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதனால் நம்மில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. 1964 ஒப்பந்தத்தில் நேருவுக்குப் பின் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேர் 1974 இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். 1986, 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகுதான் நாடற்றவர் என்ற நிலை தீர்ந்தது.

கிராமப் பிரிவுகளும் சபைகளும் வரையப்பட்டு உறுதியான அந்த நாற்பது ஆண்டுகளில் வாக்கில்லாத சனத்துக்காக வாதாட யார் இருந்தார்கள்? கிராமத்துக்குக் கிராமம் பிரிவு வரைந்தவர்கள், தோட்டத்தைத் துரையின் பொறுப்பென்று விட்டுவிட்டார்கள்.

2024 தொகைமதிப்பில் நம் சனம் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

நாட்டின் மொத்தச் சனத்தொகை 2 கோடியே 17 இலட்சத்தைத் தாண்டியிருக்கிறது. 2012 இல் அது 20,359,439. இதில் இந்தியத் தமிழர் அல்லது மலையகத் தமிழர் என்று பதிவானவர்கள் 2012 இல் 839,504 பேர், 4.1 சதவீதம். 2024 இல் 6 இலட்சம் அளவு, 2.8 சதவீதம். 1953 இல் நாம் 12 சதவீதமாக இருந்தோம்.

1953 இலிருந்து 1981 வரையான சரிவுக்கு முதல் காரணம் ஒப்பந்தங்களின்படி நடந்த அனுப்புகை. தலைமன்னாரில் கப்பல் ஏறிய குடும்பங்களின் கதை தெரியாத லயம் மலையகத்தில் இருக்காது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்களும் பலர்.

அண்மைய சரிவை அப்படி விளக்க முடியாது. 12 ஆண்டுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மறைந்துவிடவில்லை. கணிசமானோர் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்திருக்கிறார்கள். இந்த நாட்டிலேயே பிறந்தோம், பிறகேன் இந்தியர் என்று பதிவது என்ற எண்ணம் நியாயமானது. யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தோட்டக் குடும்பங்களின் வீடு, காணி, பாடசாலைத் தேவைகளுக்கு ஒதுக்கீடு கேட்கும்போது மேசையில் வைக்கப்படுவது இந்த எண்தான். அடுத்த முறை படிவம் நிரப்பும்போது வீட்டில் இதைப் பேசி முடிவெடுங்கள். உத்தியோகத்தர் தாமாக ஒன்றை எழுத இடம் கொடுக்க வேண்டாம்.

மகன் கொழும்பில் கடையில் வேலை. அவன் எங்கே எண்ணப்படுவான்?

வழக்கமாக வசிக்கும் இடத்தில், அதாவது கொழும்பில். 2012 இலிருந்து அதுவே முறை. அதற்கு முன் எண்ணும் இரவில் எங்கே இருந்தாரோ அங்கே எண்ணினார்கள். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்தாலும், தீபாவளிக்கு வந்து ஒரு வாரம் நின்றாலும் கணக்கில் ஹட்டன் சேராது. வாக்காளர் பட்டியல் வேறு. அதில் பலர் இன்னும் தோட்டத்து முகவரியிலேயே இருக்கிறார்கள்.

பாராளுமன்றத் தேர்தலில் ஹட்டன் எந்தத் தொகுதி?

நுவரெலியா–மஸ்கெலியா. மாவட்டத்தின் மற்ற மூன்றும் கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை. மூன்று இலட்சத்துக்கு மேல் வாக்காளர்கள் உள்ள மிகப் பெரிய தொகுதி இது. 1977 இல் இதிலிருந்து மூன்று உறுப்பினர்கள் தெரிவானார்கள்: காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க, சௌமியமூர்த்தி தொண்டமான். வாக்குரிமை பறிபோன பின் மலையகத் தமிழர் ஒருவர் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனது அதுதான் முதல் முறை.

கொஞ்சக் காலம் சபையே இல்லாமல் இருந்ததே?

2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19 இல் முடிந்தது. தேர்தல் பிற்போடப்பட்டு 2025 மே 6 இல் நடந்தது. புதிய சபைகள் ஜூன் 2 முதல் இயங்குகின்றன. இடையில் செயலாளர்களும் ஆணையாளர்களும் நிர்வாகத்தை நடத்தினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, கேள்வி கேட்பதற்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் போனது சிறிய விடயமல்ல.

ஹட்டன் நகர எல்லையை விரித்துப் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்த்தால் நல்லதா?

நல்லது என்றே நினைக்கிறேன், ஆனால் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. நகர சபைக்குள் வந்தால் குப்பை வண்டி, தெரு விளக்கு, நூலகம், கட்டட ஒழுங்கு கிட்ட வரும். கூடவே ஆதன வரியும் வரும். தன் பெயரில் காணி உறுதி இல்லாத குடும்பத்திடம் எதை மதிப்பிட்டு வரி கேட்பது? குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் உறுதியும் முதலில், எல்லை விரிப்பு அதன் பிறகு அல்லது அதோடு சேர்த்து என்பதே சரியான வரிசை. நிலம் கம்பனியின் குத்தகையில் இருக்கும்போது எல்லையை மட்டும் நகர்த்தினால், லயம் லயமாகவே இருக்கும், புள்ளிவிபரத்தில் மட்டும் நகரமாகிவிடும். அப்படி ஆனால் தோட்டத் துறைக்கென்று வரும் உதவிகளும் கைநழுவலாம்.

இன்னொன்று, புதிய வீட்டுத் திட்டங்களுக்கு வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் கொடுக்கச் சபைகள் முன்வர வேண்டும். பல தோட்டங்களில் கடிதம் இன்னும் ஆபிஸுக்குத்தான் வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்து கைக்கு வந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? எல்லை மாற வர்த்தமானி வேண்டும். வாசலில் ஓர் இலக்கம் அடிப்பதற்கு ஒரு சபைத் தீர்மானம் போதும்.

பாடசாலை ஒப்படையில் ஹட்டன் சனத்தொகை என்று எதை எழுதுவது?

எல்லையையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள், மகள், மகன். "அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவு, 2012, 205,723 பேர்" என்று எழுதினால் எந்த ஆசிரியரும் குறை சொல்ல முடியாது. வெறுமனே "ஹட்டன் சனத்தொகை" என்று ஓர் எண்ணைப் போட வேண்டாம். 2019 க்குப் பிந்திய பிரிவுகளின் எண்ணைப் பழைய பிரிவுகளின் எண்ணோடு ஒப்பிட்டு "சனத்தொகை பாதியாகக் குறைந்தது" என்றும் எழுதிவிடாதீர்கள். குறைந்தது பரப்பு.

எங்கள் தோட்டம் எந்தச் சபை, எந்த வட்டாரம் என்று எப்படி அறிவது?

வாக்காளர் அட்டையைப் பாருங்கள். உள்ளூராட்சித் தேர்தலுக்கு வந்த அட்டையில் சபையின் பெயரும் வட்டாரமும் அச்சிடப்பட்டிருக்கும். அட்டை தொலைந்திருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் இருக்கும் வாக்காளர் இடாப்பில் பார்க்கலாம். ஒரே தோட்டத்தின் இரண்டு டிவிசன்கள் வேறு வேறு வட்டாரங்களில் இருக்கலாம், அதனால் தோட்டத்தின் பெயரோடு டிவிசனின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.